குறுகிய கால வங்கிக் கடன்: தென் கொரியாவும் மலேசியாவும், 1997

வெளிநாட்டு வங்கிகளுக்கு ஓராண்டுக்குள் அடைக்க வேண்டிய கடனைத் தனித் தொகையாகப் பார்ப்பதில் பயனில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்போடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். பாசெலிலுள்ள பன்னாட்டுத் தீர்வு வங்கியின் கணக்குப்படி, 1997 ஜூன் முடிவில் தென் கொரியாவின் இத்தகைய கடன் சுமார் 7,000 கோடி டாலர். அதன் கையிருப்போ சுமார் 3,400 கோடிதான். மலேசியாவின் கடன் சுமார் 1,600 கோடி, கையிருப்பு ஏறத்தாழ 2,660 கோடி. இந்த வேறுபாடு தற்செயலானதல்ல. கொரியா நீண்ட காலக் கடனுக்குக் கெடுபிடியை வைத்துக்கொண்டு, குறுகிய காலக் கடனுக்கு வழிவிட்டது. அங்கிருந்த மெர்ச்சன்ட் பாங்குகள் மாதக் கணக்கில் வாங்கிய டாலரை ஆண்டுக் கணக்கில் கடன் கொடுத்தன. மலேசிய நிறுவனங்களோ அந்நிய நாணயத்தில் பெருந்தொகை வாங்க மத்திய வங்கியான நெகாரா வங்கியின் அனுமதி பெற வேண்டியிருந்தது.

1997 ஆசிய நிதி நெருக்கடியில் மலேசிய நாணயமான ரிங்கிட்டும்தான் சரிந்தது என்று மறுக்கலாம். உண்மை, ஆனால் அங்கே பங்குச் சந்தைப் பணத்தின் பங்கு பெரிது. பங்கை விற்று வெளியேறுபவர் விலைச் சரிவின் நட்டத்தைத் தாமே சுமக்கிறார். வங்கியோ தவணை நாளில் முழு டாலரையும் கேட்கும். கொரியா 1997 நவம்பரில் பன்னாட்டு நாணய நிதியத்திடம் போனது. மலேசியா போகவில்லை, 1998 செப்டம்பரில் மூலதனக் கட்டுப்பாடு விதித்து, டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று நிர்ணயித்தது. கையிருப்புக் கணக்கையே நம்பலாமா என்பது இதைவிட வலுவான மறுப்பு. கொரிய மத்திய வங்கி தன் டாலரில் ஒரு பகுதியைக் கொரிய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகளில் போட்டிருந்தது; நெருக்கடியில் அது கைக்கு எட்டவில்லை. இது ஒப்பீட்டைக் குலைக்கவில்லை, கொரியாவின் நிலையை இன்னும் மோசமாகவே காட்டுகிறது. 1998 ஜனவரியில் சுமார் 2,400 கோடி டாலர் கடனை அரசு உத்தரவாதத்தின்பேரில் 1 முதல் 3 ஆண்டுத் தவணைக்கு மாற்ற வெளிநாட்டு வங்கிகள் இசைந்த பிறகே அங்கு நெருக்கடி தணிந்தது.