பத்து என்றால் பத்துத்தானா?



போன கிழமை இடைவேளையில் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் வந்து நின்றான். "சேர், டென் ஃபோர் எண்டா என்ன?" அமெரிக்கப் பொலிஸாரின் வயர்லெஸ் பேச்சைக் கேட்கிற ஸ்கேனர் செயலி ஒன்றை அண்ணன் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறாராம். இரண்டு வசனத்தில் பதில் சொல்லி அனுப்பிவிட்டோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் கிரான் சந்திப் பக்கம் இருந்த காவலரணும் அதற்குள் இரைந்துகொண்டிருந்த செட்டும் ஞாபகத்துக்கு வந்தன. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

முதலில் பிள்ளையின் கேள்வி. இந்த எண்கள் இரகசியத்துக்காக வந்தவை என்றுதான் நாமெல்லாம் நினைத்திருக்கிறோம். அப்படியில்லை. 1937இல் இலினோய் மாநிலப் பொலிஸில் தொடர்பாடலுக்குப் பொறுப்பாக இருந்த சார்ள்ஸ் ஹொப்பர் என்பவர் தொடக்கிவைத்த பழக்கம் இது. அந்தக் காலத்து வால்வு வானொலிக்கு மின்சாரம் கொடுக்கிற சிறு மோட்டார் வேகம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுக்கும். பொத்தானை அமர்த்தியவுடன் பேசினால் முதல் அசை காற்றோடு போய்விடும். ஆகவே செய்திக்கு முன்னால் ஒரு "டென்". அது போனாலும் நட்டமில்லை. 10-4 என்றால் செய்தி கிடைத்தது. 10-9 என்றால் திருப்பிச் சொல். 10-20 என்றால் நிற்கிற இடம். நாம் இங்கே கேட்டுப் பழகிய "ரொஜர்" கூட அப்படித்தான்: 'கிடைத்தது' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கு அந்நாளைய வானொலி அரிச்சுவடியில் இருந்த பெயர் ரொஜர். 1956இல் அந்த எழுத்து ரோமியோ ஆகிவிட்டது, ஆனால் யாரும் "ரோமியோ" என்று பதில் சொல்வதில்லை. நல்லவேளை.

கேட்க இலகுவாகத்தான் இருக்கிறது. ஆனால் பொதுப் பட்டியலில் 10-13 என்றால் காலநிலையும் வீதி நிலைமையும். நியூயோர்க் பொலிஸில் அதே 10-13, 'உத்தியோகத்தர் ஆபத்தில், உடனே உதவிக்கு வா' என்ற அழைப்பு. ஒருவன் உயிருக்குக் கத்துகிறான், பக்கத்து மாநிலத்தான் மழை பெய்கிறதாக்கும் என்று நினைப்பான். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பல மாநிலத்தார் ஒன்றாக வந்து நின்றபோது இந்தச் சிக்கல் பெரிதாகப் பேசப்பட்டது. பல இடத்தார் சேர்ந்து வேலை செய்யும்போது எண்ணை விட்டு வெறும் பேச்சில் சொல்லுங்கள் என்று 2006இல் அந்த நாட்டு அரசே கேட்டுக்கொண்டது.

இனி நம்ம பக்கம். 1990 யூன் 11இல் கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றி வளைத்தபோது, சண்டை பிடிக்காமல் சரணடையுங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. விளங்காத எண் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. சரணடைந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களுமாகச் சுமார் 600 பேர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், 11ஆம் திகதி இரவு ஏறாவூர். செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலை வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்த தமிழர்களில் 158 பேர் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பவில்லை. இதையெல்லாம் சொல்லாமல் அடுத்த கதையைச் சொன்னால் உங்கள் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

அதற்குச் சில வருடம் கழித்து. நாங்கள் சைக்கிளில் ரியூஷனுக்குப் போகிற வயது. காவலரணில் இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போது செட் இரையும், நாங்கள் காதைக் கொடுப்போம். சிங்களம் தெரியாது, ஆனால் தெரிந்த மாதிரி நடப்போம். ஒருநாள் "பத்" என்று திரும்பத் திரும்பக் கேட்டது, பிறகு ஏதோ எண்கள். எங்களில் ஒருவன் சொன்னான்: "பத்துப் பேரைப் பிடிக்கப் போறாங்கடா."

அவ்வளவுதான். அஸருக்கு முந்திப் புறப்பட்ட அந்தப் பேச்சு மஃரிபுக்கு ஓட்டமாவடிக்கு வந்தபோது பத்து முஸ்லிம் பொடியன்களாகியிருந்தது. கிரானில் அதே பத்துப் பேரும் தமிழர். இதைவிடக் கொடுமை, பெயர் கொடுத்தது யார் என்ற கேள்வி. இங்கே "அவங்கதான்" என்றார்கள், அங்கேயும் "அவங்கதான்" என்றார்கள். தலையாட்டியின் சாக்குக்குள் இருக்கிற முகம் எப்போதும் மற்ற ஊர்க்காரனுடையதாகத்தான் தெரிந்தது. அன்றிரவு எங்கள் தெருவில் ஆண்கள் யாரும் வீட்டில் படுக்கவில்லை. கிரானிலும் அப்படித்தான் என்று பின்னால் தெரிந்துகொண்டோம்.

பொலன்னறுவைக்கு மீன் ஏற்றிப் போய்வந்த ஒரு காக்காவுக்குச் சிங்களம் தண்ணி மாதிரி. மறுநாள் அவரிடம் கேட்ட சொற்களைச் சொல்லிக் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை, நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பத் எண்டா சோறு மகன். சோத்துப் பார்சலுக்குக் கணக்குச் சொல்லியிருக்கான்."

பயம் போனது. ஆனால் அன்றிரவு ஒருவரையொருவர் பற்றிச் சொன்ன சொற்களை யாரும் திருப்பி எடுக்கவில்லை. வதந்தியைக் கிளப்பிய எங்களில் எவரும் கிரானுக்குப் போய் "அது சோறு" என்று சொல்லவுமில்லை. அந்தக் காக்கா மட்டும் போய்ச் சொன்னதாகக் கேள்வி.

அன்றைக்குக் கிரான் பக்கம் இருந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள். காக்கா உண்மையிலேயே வந்தாரா?