யானை வாங்கலாம், தீனி யார் போடுவது?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்னு நம்மூரில் சொல்வார்கள். கட்டி முடித்த பிறகு என்ன ஆகும் என்பதைப் பற்றி அந்தப் பழமொழி மூச்சு விடுவதில்லை. ஒழுகும் கூரை, மாற்ற வேண்டிய லிஃப்ட், மாசா மாசம் கரண்ட் பில், கடைசியில் இடிக்கிற கூலி... எல்லாம் சேர்ந்ததுதான் ஒரு கட்டடத்தின் 'வாழ்நாள் செலவு'. இங்கே இங்கிலாந்தில் நான் படிக்கிற முதுகலையில் இதற்குத் தனிப் பாடமே இருக்கிறது. பாடத்தை விட அதன் வரலாறுதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கோங்க :-)

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டனில் கடுமையான வீட்டுப் பஞ்சம். சீக்கிரம் கட்ட வேண்டும், நிறைய கட்ட வேண்டும். 1956இல் வந்த மானியச் சட்டம், மாடிகள் கூடக் கூட ஒவ்வொரு வீட்டுக்கும் மானியமும் கூடும் என்றது. அளவுகோல் மாடிகளின் எண்ணிக்கைதான். கட்டடம் எத்தனை வருஷம் தாங்கும், பராமரிக்க எவ்வளவு ஆகும் என்பதல்ல. 1967 வரை இதே கதை.

இதையெல்லாம் யாரும் யோசிக்கவே இல்லையா? யோசித்தார்கள். அரசின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த பி. ஏ. ஸ்டோன் என்ற பொருளியலாளர், கட்டும் செலவையும் பிறகு வரும் செலவுகளையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும் முறையை விளக்கி 1967இல் ஒரு புத்தகமே போட்டார். 'பயன்பாட்டுச் செலவு' என்று அதற்குப் பெயர்.

ஆனால் கட்டியது என்ன? மான்செஸ்டரில் ஹியூம் என்ற பகுதி. பிறை வடிவத்தில் நான்கு நீளமான குடியிருப்புகள். தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைக் கொண்டுவந்து பொருத்தி, 1972இல் முடித்தார்கள். தரைக்கடியில் மின்சார ஹீட்டிங். அடுத்த வருஷமே, 1973இல், எண்ணெய் நெருக்கடி. குடியிருந்தவர்களில் பலரால் ஹீட்டிங் செலவைத் தாங்க முடியவில்லை. வீடு குளிர்ந்தது, சுவரில் ஈரம், பூஞ்சை, கூடவே கரப்பான். யானையைக் கட்டிக் கொடுத்தது மாநகராட்சி, தீனி போட வேண்டியது ஏழைகள்! 1990களின் முற்பகுதியில் அத்தனையையும் இடித்துவிட்டார்கள். சுமார் இருபது வருஷ ஆயுள்.

சரி, வாழ்நாள் கணக்கு போட்டிருந்தால் தப்பித்திருக்குமா? இங்கேதான் விஷயமே இருக்கு. எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் குறைக்க ஒரு சதவீதம் வைப்பார்கள். 'டிஸ்கவுண்ட் ரேட்' என்று பெயர். ஆடித் தள்ளுபடி இல்லீங்க. இன்றைக்குக் கையில் இருக்கும் பணத்தை வேறு எதிலாவது போட்டால் வளரும், அதனால் நாளைய நூறு ரூபாய் இன்றைய நூறுக்குச் சமமல்ல என்ற நியாயம். நியாயம்தான். எத்தனை சதவீதம் என்பதில்தான் சூட்சுமம்.

ஸ்டோனின் புத்தகம் வந்த அதே 1967இல், பிரிட்டிஷ் அரசு தன் தேசியமய நிறுவனங்களின் முதலீடுகளுக்கு இந்த வீதத்தை 8% என்று வைத்தது. 1969இல் அது 10% ஆனது. முப்பது வருஷம் கழித்து 100 பவுண்டுக்கு ஒரு ரிப்பேர் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10%இல் அதன் இன்றைய மதிப்பு வெறும் 5.73 பவுண்டு. அதே ரிப்பேர், அதே முப்பது வருஷம், வீதத்தை 3.5% ஆக்கினால் 35.63 பவுண்டு. ஆறு மடங்கு வித்தியாசம்! கூரையில் ஓர் ஓட்டைக்கூட மாறவில்லை, மாறியது ஒரே ஓர் எண்.

ஹியூமுக்கு இந்த வீதத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. 10% போட்டு நேர்மையாகக் கணக்குப் பார்த்திருந்தாலும், மலிவாகக் கட்டிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றே விடை வந்திருக்க வாய்ப்பு அதிகம். எதிர்காலத்தை எண்ணாமல் விடுவது ஒரு வகை, எண்ணிவிட்டுச் சுருக்குவது இன்னொரு வகை.

2003இல் பிரிட்டிஷ் நிதியமைச்சகம் பொதுத் திட்டங்களுக்கான வீதத்தை 6%லிருந்து 3.5% ஆகக் குறைத்தது. முப்பது வருஷத்துக்கு அப்பால் வரும் செலவுகளுக்கு இன்னும் குறைவு. 2008இல் கட்டடங்களின் வாழ்நாள் செலவுக்கென்றே ஐஎஸ்ஓ 15686-5 என்ற சர்வதேசத் தரம் வந்தது. வீதத்தை யாரோ ஒருவர் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும் என்ற நிலைமை மட்டும் மாறவில்லை. தேர்ந்தெடுப்பவர் அந்த வீட்டில் முப்பதாவது வருஷம் குளிரில் உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

அதனால், யாராவது 'அறுபது வருஷச் செலவு இவ்வளவுதான்' என்று ஒரு தாளை நீட்டினால், மொத்தத் தொகையைப் பார்க்கும் முன்னாடி "எத்தனை சதவீதம் போட்டீங்க?"ன்னு கேளுங்க.