தோட்டத்துப் பள்ளிகளில் மாணவர் ஏன் குறைந்தார்கள்? பேராக் மாநிலப் பார்வை

இந்தக் கேள்விக்கு மாணவர்கள் பலர், "பெற்றோருக்கு அக்கறை இல்லை" என்று ஒரே வரியில் விடை எழுதிடுவாங்க. எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் விடை வேறு.

சட்டம்: பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். தோட்டத்துக்குத் தோட்டம் சின்னச் சின்னப் பள்ளிகள் எழுந்தன. 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள், சுமார் 50,000 மாணவர்கள். வகுத்துப் பாருங்க, பள்ளிக்கு 60 பேர்கூட இல்லை! சிறிய பள்ளி என்பது இன்று வந்த நோய் இல்லை. அது தமிழ்ப்பள்ளியின் பிறவி உருவம்.

இடப்பெயர்வு: 1950, 60-களில் தோட்டத் துண்டாடல் நடந்தது. 1969 முதல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதால் பலர் இந்தியா திரும்பினார்கள். ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது; ஆள்தேவை குறைந்தது. பின்னர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். நம் குடும்பங்கள் ஈப்போ தாமான்களுக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் போயின. பள்ளி மட்டும் தோட்ட நிலத்திலேயே நின்றுவிட்டது.

சுங்கை சிப்புட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1948 அவசரகாலத்தோடு வரலாற்றில் இடம்பெற்ற எல்பில் தோட்டத்தின் பெயரில் அங்கே ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு. நகரில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் எழுந்து, 1954-இல் திறக்கப்பட்ட மகாத்மா காந்தி கலாசாலையும் உண்டு. முன்னது தோட்டத்தை நம்பி எழுந்தது. பின்னது நகரத்தை நம்பி எழுந்தது. மக்கள் எந்தப் பக்கம் நகர்ந்தார்களோ, மாணவரும் அந்தப் பக்கம்தான்.

இன்றைய நிலை: நாட்டில் தமிழ்ப்பள்ளிகள் 520-க்குச் சற்று அதிகம், பேராக்கில் மட்டும் 130-க்கு மேல். மாணவர் சுமார் 80,000. அதாவது, 1957-ஐவிடப் பள்ளிகள் குறைந்திருக்கின்றன, மாணவர் கூடியிருக்கிறார்கள். 2000-களின் பிற்பகுதியில் ஒரு லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை பிறகு இறங்கியதற்குப் பிறப்பு விகிதச் சரிவும் ஒரு காரணம். தேசியப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரும் உண்டு. ஆனால் அது பல காரணங்களில் ஒன்றுதான்.

150 பேருக்குக் குறைந்தால் 'குறைந்த மாணவர் பள்ளி'. மிகச் சிறிய பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே கூட்டு வகுப்பில் உட்காருகிறார்கள். அங்கே ஒரு குடும்பம் வீடு மாறினாலே ஒரு வகுப்பு காலியாகலாம். குடும்பங்கள் போன இடத்துக்கே பள்ளியை மாற்றுங்கள் என்ற கோரிக்கை இதிலிருந்து பிறந்ததுதான்.

தேர்வில் இந்த வரிசையில் எழுதுங்கள்: சட்டம், துண்டாடல், பெர்மிட், செம்பனை, நகர்வு, பிறப்பு விகிதம். ஆசிரியர்களே, உங்கள் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டை வகுப்பில் திறந்து காட்டுங்க. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று பிள்ளைகளே எண்ணட்டும். அதைவிட நல்ல மூலச்சான்று கிடைக்காது.