கிரேக்கத் தத்துவத்தில் வேற்றூர் மாதர்

கி. மு. 431-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், ஸ்பார்ட்டாவுடன் மூண்ட போரில் முதலாவதாக மடிந்த தம் வீரர்களுக்கு ஏதென்ஸ் நகரத்தார் பொதுவில் ஈமக்கடன் ஆற்றினார்கள். அன்று மேடையேறிப் பேசியவர் நகரத் தலைவராகிய பெரிகிளிஸ். அவ்வுரையை வரலாற்றாசிரியர் தூசிடைடீஸ் தம் நூலில் எழுதி வைத்திருக்கிறார். நகரின் பெருமையை விரிவாக எடுத்துரைத்த பெரிகிளிஸ், முடிக்கும் தறுவாயில் கணவரை இழந்த பெண்களுக்கும் ஓர் அறிவுரை கூறினார். புகழ்ச்சியாலோ இகழ்ச்சியாலோ ஆடவர் நாவில் தம் பெயர் அடிபடாமல் இருப்பதே பெண்டிர்க்குப் பெருமை என்பது அதன் கருத்து.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்காலத்து ஏதென்ஸில் ஆடவர் நாவில் ஓயாமல் அடிபட்ட பெண்ணின் பெயர் அஸ்பாசியா. அவர் பெரிகிளிஸின் இல்லத்திலேயே வாழ்ந்தவர். பிளேட்டோவின் மெனெக்ஸெனஸ் என்னும் உரையாடல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பெரிகிளிஸின் அந்த உரையை ஆக்கித் தந்தவரே அஸ்பாசியாதான் என்றும், தமக்குப் பேச்சுக்கலை கற்பித்தவரும் அவரே என்றும் அதில் ஸாக்ரடீஸ் கூறுகிறார். பிளேட்டோ இதைக் கேலியாக எழுதினாரா, மெய்யாகவே எழுதினாரா என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. கேலி என்றே கொண்டாலும், பெயர் பெறாத ஒருவரைப் பற்றி யாரும் கேலி செய்வதில்லை.

அஸ்பாசியா ஏதென்ஸில் பிறந்தவர் அல்லர். இன்றைய துருக்கி நாட்டின் மேலைக் கடற்கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்தினர். இப்படி வெளியூரிலிருந்து வந்து தங்கியோர்க்கு ஏதென்ஸில் தனிச் சட்டம் இருந்தது. ஆடவர் ஆண்டுக்கு 12 டிராக்மாவும், தனித்து வாழும் பெண்டிர் 6 டிராக்மாவும் குடியிருப்பு வரி செலுத்த வேண்டும். நிலமோ வீடோ சொந்தமாக வாங்குதல் கூடாது. குடிமகன் ஒருவரைப் பொறுப்பாளராகக் காட்ட வேண்டும். கி. மு. 451-இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டப்படி, தாயும் தந்தையும் ஆகிய இருவருமே ஏதென்ஸ் குடிகளாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு. இச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் பெரிகிளிஸேதான். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் நகரில் கொள்ளைநோய் பரவி அவருடைய மூத்த புதல்வர் இருவரும் மாண்டபோது, அஸ்பாசியாவிடம் தமக்குப் பிறந்த மகனுக்குக் குடியுரிமை வழங்குமாறு அவரே மக்களை வேண்டி நிற்க நேர்ந்தது. மக்கள் இரங்கி அளித்தார்கள்.

இச்சட்டத்தைப் பற்றி இவ்வளவு கூறுவதற்குக் காரணம் உண்டு. ஏதென்ஸின் பொற்காலத்துத் தத்துவ உலகில் நமக்குப் பெயர் தெரிய வருகிற பெண்டிரின் பிறப்பிடத்தை நோக்கினால் வியப்பாக இருக்கிறது. அஸ்பாசியா மிலேட்டஸ் நகரத்தினர். அன்பின் இலக்கணத்தை ஸாக்ரடீஸுக்கு உபதேசித்ததாகப் பிளேட்டோ காட்டும் தியோத்திமா, மான்ட்டினியா ஊரினர். அவர் உண்மையில் வாழ்ந்தவரா, பிளேட்டோவின் படைப்பா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பிளேட்டோவின் கல்விக்கழகத்தில் பயின்ற லாஸ்தெனியாவும் மான்ட்டினியாவினரே. அங்கே பயின்ற ஆக்ஸியோதியா, பிலியஸ் ஊரினர். அரசியல் பற்றிய பிளேட்டோவின் நூலைப் படித்துவிட்டு ஊரை விட்டுப் புறப்பட்டு வந்தார் என்றும், தாம் பெண் என்பதை நெடுங்காலம் மறைத்து ஆடவர் உடையில் அமர்ந்து பாடம் கேட்டார் என்றும் இவரைப் பற்றிப் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஏதென்ஸ் குடிமக்களின் புதல்வியர்க்கு அறிவு குறைவு என்பது இதன் பொருளன்று. குடியுரிமை தாய் வழியாகவும் வரவேண்டும் என்று சட்டம் ஏற்பட்டதும், குடிமகளின் நடமாட்டம் குடும்பத்தின் சொத்துரிமையோடு பிணைந்துவிட்டது. அவளைக் காவலில் வைப்பது தந்தைக்கும் கணவனுக்கும் ஆதாயமாயிற்று. வேற்றூர்ப் பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே அந்தக் காவலும் அவ்வளவு இல்லை. பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஊரார் கண் நம் மீது இல்லாத இடத்தில், ஊரார் கையும் நமக்கு உதவிக்கு இருப்பதில்லை.

அஸ்பாசியா எழுதியதாக ஒரு வரியும் எஞ்சவில்லை. ஆனால் ஸாக்ரடீஸின் மாணாக்கராகிய ஈஸ்கினிஸ் என்பவர் அவர் பெயராலேயே ஓர் உரையாடல் எழுதினார். அந்நூலும் அழிந்தது. அதில் ஒரு பகுதியை ரோமானிய நாவலர் சிசரோ இலத்தீனில் மொழிபெயர்த்துத் தம் நூலில் சேர்த்துக்கொண்டமையால் அது மட்டும் பிழைத்தது. மூலம் மறைந்து மொழிபெயர்ப்பு நின்றுவிட்ட இத்தகைய செய்திகளைக் காணும்போது, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சிறிது பெருமிதமும் பெரிதும் அச்சமும் உண்டாகின்றன.

அப்பகுதியில் ஜெனபன் என்பவரும் அவர் மனைவியும் அஸ்பாசியாவின் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். அண்டை வீட்டாளிடம் உன்னுடையதைவிட நல்ல பொன் இருந்தால் எதை விரும்புவாய் என்று அம்மையார் மனைவியைக் கேட்கிறார். அவளுடையதையே என்கிறாள். ஆடை அணிகலன் பற்றிக் கேட்டபோதும் அதே விடை. அப்படியானால் அவள் கணவன் உன் கணவனிலும் நல்லவனாக இருந்தால்? மனைவி நாணித் தலை குனிகிறாள். பிறகு கேள்வி கணவனிடம் திரும்புகிறது. குதிரையில் தொடங்கி, நிலத்துக்குச் சென்று, இறுதியில் அண்டை வீட்டான் மனைவியில் வந்து நிற்கிறது. அவரும் வாய் திறக்கவில்லை. அப்போது அம்மையார், இருவரும் சொல்லாமல் விட்ட விடையைத் தாமே எடுத்துரைக்கிறார். இவ்வுலகில் உங்களினும் சிறந்த கணவனும் மனைவியும் இல்லை என்னும் நிலையை நீங்கள் எய்தாதவரை, இருவர் மனமும் வேறொருவரையே நாடிக்கொண்டிருக்கும் என்கிறார். குற்றம் மனைவி மீது மட்டும் சுமத்தப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அக்காலத்து நூல்களில் இது அரிது.

அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தவர் ஹிப்பார்க்கியா. திரேஸ் நாட்டு மரோனியா ஊரில் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். தீப்ஸ் நகரத்துக் கிராட்டீஸ் என்பார், உடைமை அனைத்தையும் துறந்து, கோலும் பையும் கந்தையுமாக ஏதென்ஸ் வீதிகளில் திரிந்த ஞானி. சினிக்குகள் என்னும் துறவு நெறியினர். அவருடைய சொல்லையும் வாழ்வையும் விரும்பிய ஹிப்பார்க்கியா, மணந்தால் அவரையே மணப்பேன், இன்றேல் உயிர் விடுவேன் என்றார். கலங்கிய பெற்றோர், மகளின் மனத்தை மாற்றுமாறு கிராட்டீஸையே வேண்டினர். அவரும் முயன்று பார்த்தார். ஒன்றும் பலிக்காமற்போகவே எழுந்து நின்று, அணிந்திருந்த ஆடையைக் களைந்து, மணமகனும் இவனே, இவன் சொத்தும் இவ்வளவே என்று காட்டினார். பெண் அவரையே தேர்ந்தார். பின்னர்க் கணவர் உடுத்தது போன்ற உடையே உடுத்து, ஆடவர் கூடும் விருந்துகளுக்கும் அவருடன் சென்றார்.

அத்தகைய ஒரு விருந்தில், நாத்திகர் என்று பெயர் பெற்ற தியோடரஸ் என்பவரை ஹிப்பார்க்கியா வாதுக்கு இழுத்தார். தியோடரஸ் செய்தால் தவறாகாத ஒன்றை ஹிப்பார்க்கியா செய்தாலும் தவறாகாது. தியோடரஸ் தம்மைத் தாமே அடித்துக்கொண்டால் அது தவறன்று. ஆகவே தியோடரஸை ஹிப்பார்க்கியா அடித்தாலும் தவறன்று. தர்க்கத்தில் ஓட்டை உண்டு. அதைக் காட்டியிருந்தால் தியோடரஸ் வென்றிருப்பார். அவரோ விடை கூறாமல் அம்மையாரின் மேலாடையைப் பற்றி இழுத்தார். அம்மையார் திடுக்கிடவும் இல்லை, நாணவும் இல்லை. தறியை விட்டுவிட்டு வந்தவள் நீதானோ என்று அவர் ஏளனம் செய்ய, ஆம், தறியில் கழிக்கவிருந்த காலத்தைக் கல்வியில் செலவிட்டது எனக்கு நான் செய்துகொண்ட தீங்கு என்று கருதுகிறீரோ என்று அம்மையார் திருப்பிக் கேட்டார். இவ்வளவும் தயோஜினிஸ் லயேர்ஷியஸ் எழுதிய தத்துவ ஞானிகளின் வரலாற்றில் காணப்படுவது.

இந்தத் தியோடரஸ் யாரிடம் பாடம் கேட்டவர் என்பதையும் அதே நூல் வேறோரிடத்தில் கூறுகிறது. வட ஆப்பிரிக்காவில், இன்றைய லிபியாவில், சைரீன் என்னும் கிரேக்க நகரம் இருந்தது. ஸாக்ரடீஸின் மாணாக்கரான அரிஸ்டிப்பஸ் அவ்வூரினர். அவர் தம் தத்துவத்தை மகள் அரீட்டேக்குக் கற்பித்தார். அரீட்டே தம் மகனுக்குக் கற்பித்தார். பாட்டன் பெயரையே தாங்கிய அந்த மகனுக்குத் தாயால் கற்பிக்கப்பட்டவன் என்பதே பட்டப்பெயராயிற்று. அவருடைய மாணாக்கர்தான் தியோடரஸ். தறியை நினைவூட்டியவர் தம் ஆசிரியரின் ஆசிரியரை மறந்துவிட்டார் போலும்!

எப்பிக்யூரஸின் தோட்டத்துப் பள்ளியில் பெண்டிர்க்கும் இடம் இருந்தது. லாம்ப்சக்கஸ் நகரத்துத் தெமிஸ்டா கணவருடன் அந்நெறியைத் தழுவினார். லியோன்ஷன் என்பவர், பேரறிஞர் தியோபிராஸ்டஸை மறுத்து நூல் எழுதினார். இது என்ன துணிவு என்று சிசரோ சீறுகிறார். ஆனால் நடை நல்ல நடை என்பதை அவராலும் மறைக்க முடியவில்லை.

இதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின், அதே சைரீன் நகரத்திலிருந்து சினீஷியஸ் என்னும் இளைஞர் கல்வி நாடிப் புறப்பட்டார். அவர் சென்றது எகிப்து நாட்டு அலெக்ஸாந்திரியாவுக்கு; தேடியது ஹைப்பேஷியா என்னும் ஆசிரியையை. பின்னொரு சமயம் ஏதென்ஸையும் பார்த்துவிட்டு, அங்கே இப்போது தேன் விற்பவர்கள்தாம் பெயர் பெற்றவர்கள், ஞானம் எகிப்தில் ஹைப்பேஷியாவிடம் இருக்கிறது என்று தம் உடன்பிறந்தவருக்கு எழுதினார். ஹைப்பேஷியா கணிதர் தியோனின் மகள். தாலமியின் வானநூலுக்குத் தந்தை எழுதிய உரையில் மூன்றாம் பகுதியின் தலைப்பில், இது தம் மகள் ஹைப்பேஷியா சீர்ப்படுத்திய பதிப்பு என்ற குறிப்பு இன்றும் உள்ளது.

இவர் வேற்றூரினர் அல்லர். சொந்த ஊரிலேயே கற்பித்தவர். கி. பி. 415-இல், ஆளுநர் ஒரெஸ்டிஸுக்கும் ஆயர் சிரிலுக்கும் மூண்ட அதிகாரப் பூசலில், ஆளுநருக்கு இவர் யோசனை கூறுகிறார் என்ற பேச்சு பரவியது. ஒரு கூட்டம் இவரைத் தேரிலிருந்து இழுத்துச் சென்று, தேவாலயத்துக்குள் வைத்து ஓட்டுச் சில்லுகளால் கொன்றது. இதைப் பதிவு செய்த சாக்ரட்டீஸ் ஸ்கொலாஸ்டிக்கஸ் தாமும் கிறிஸ்தவரே. இச்செயலால் சிரிலுக்கும் அந்நகரத் திருச்சபைக்கும் நேர்ந்த பழியை அவர் மறைக்காமல் எழுதினார்.

சினீஷியஸும் பிற்காலத்தில் ஆயராயினார். ஆயினும் தம் பழைய ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவதை அவர் நிறுத்தவில்லை. அக்கடிதங்களில் ஏழு கிடைத்திருக்கின்றன. ஒன்றில், திரவத்தின் எடையை அளக்கும் கருவி ஒன்று தமக்கு வேண்டும் என்று கேட்டு, குழல் போன்ற அதன் உருவத்தையும், நெடுக இடவேண்டிய கோடுகளையும், அடியில் பொருத்தவேண்டிய கூம்பையும் விவரிக்கிறார். நோயுற்றுப் படுக்கையிலிருந்து எழுதிய இன்னொன்றில், தாயே, சகோதரியே, ஆசிரியையே என்று விளிக்கிறார். அம்மையார் எழுதிய மறுமொழிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை.