சிறுவர்க்குச் சட்டம் இட்ட வேலி

சட்டங்கள் பெரும்பாலும் ‘வந்தபின் காப்போன்’ வகையைச் சேர்ந்தவை. ஒரு தீமை நிகழ்ந்து, பலர் துன்புற்று, நல்லோர் சிலர் கூக்குரலிட்ட பின்னரே அரசாங்கம் எழுதுகோலை எடுக்கும். இளஞ்சிறாரை ஆசை காட்டி மோசம் செய்யும் கயவரைத் தண்டிக்கும் சட்டங்களின் வரலாறும் இத்தகையதே. ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு விசேஷம் உண்டு. தீச்செயல் நிகழ்ந்த இடத்திலேயே நின்றிருந்த வேலி சிறிது சிறிதாக முன்னே நகர்ந்து, செயலுக்கு முந்திய பயணத்தையும், பயணத்துக்கு முந்திய பேச்சையும் வளைத்துக்கொண்டது. அஃது எவ்வாறு நகர்ந்தது என்பதைப் பெற்றோர் ஒவ்வொருவரும் அறிதல் நலம்.

முதலில் எழுந்தது வயதைப் பற்றிய கேள்வி. எத்தனை வயதுக்குட்பட்ட பெண்ணின் ‘சம்மதம்’ சம்மதமாகாது? இங்கிலாந்தில் 1275-ஆம் ஆண்டுச் சட்டம் 12 என்றது. அறுநூறு ஆண்டு கழித்து, 1875-இல், அது 13 ஆயிற்று. 1885 ஜூலையில் டபிள்யூ. டி. ஸ்டெட் என்னும் பத்திரிகாசிரியர், லண்டனில் ஏழைச் சிறுமியர் விலைபோகும் கொடுமையைத் தமது ‘பால் மால் கெஜட்’ இதழில் அம்பலப்படுத்தினார். நாடு கொதித்தது. மறு மாதமே பார்லிமெண்ட் அவ்வயதை 16 ஆக உயர்த்தியது. கொடுமையை மெய்ப்பிக்கத் தாமே ஒரு சிறுமியை விலைக்கு வாங்கிக் காட்டிய ஸ்டெட்டுக்கோ 3 மாதச் சிறைவாசம் கிடைத்தது!

இந்தியாவில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் வகுத்த வயது வெறும் 10. வங்காளத்தில் ஒரு குழந்தை மனைவி கணவனால் மாண்ட பின்னரே, 1891-இல் அது 12 ஆயிற்று. அதற்கும் வைதிகர் சாஸ்திரம் போயிற்றென ஓலமிட்டனர். பாலகங்காதர திலகரும் எதிர்த்து நின்றார். குழந்தையின் உயிரைவிட வழக்கம் பெரிதாகத் தோன்றிய காலம் அது.

இவையாவும் செயல் நிகழ்ந்த பின் தண்டித்த சட்டங்கள். இணையம் வந்ததும் நிலைமை மாறிற்று. கயவன் வீட்டு வாசலை மிதிக்க வேண்டுவதில்லை. பொய்ப் பெயரும் பொய் வயதும் பூண்டு, குழந்தையின் அறைக்குள்ளேயே பேச்சால் நுழையலாயினான். அமெரிக்கா 1996-இலேயே, இவ்வாறு 18 வயதுக்குட்பட்டோரை வசப்படுத்த முயல்வதைக் கூட்டரசுக் குற்றமாக்கியது. அன்று உச்ச தண்டனை 10 ஆண்டு. 2006-இல் அந்தப் பத்தே குறைந்த அளவாகி, ஆயுட்சிறை உச்சமாயிற்று.

ஆங்கிலச் சட்டத்திலோ ஓர் இடுக்கு இருந்தது. ஒருவன் குற்றம் செய்ய முயன்றான் எனத் தண்டிப்பதற்கு, அவன் செய்கை வெறும் ஆயத்தத்தைக் கடந்திருக்க வேண்டும். பல மாதம் இனிக்கப் பேசி, இடம் குறித்து, ரயிலேறிப் புறப்பட்டாலும் அஃது ஆயத்தமே என்று வாதிட இடமிருந்தது. 2003-ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம் அவ்விடுக்கை அடைத்தது. முன்னர் இருமுறையேனும் தொடர்பு கொண்டு, பின் கெடுநோக்குடன் 16 வயதுக்குட்பட்ட பிள்ளையைக் காணப் புறப்படுவதே குற்றம். தண்டனை 10 ஆண்டு வரை. 2015-இல் இருமுறை என்பது ஒருமுறையாகச் சுருங்கியது. 2017-இல் அத்தகைய பேச்சே தனிக் குற்றமாயிற்று.

சிங்கப்பூர் 2008-இல் இவ்வழியைப் பின்பற்றியது. 2020-இல் அங்கும் பேச்சு தனிக் குற்றமாயிற்று. மலேசியாவில், ஏழைக் குழந்தைகள் பலரைப் பல்லாண்டு சீரழித்த பிரிட்டிஷ்காரன் ஒருவனுக்கு 2016-இல் லண்டன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தபோது நாடே திடுக்கிட்டது. மறு ஆண்டு, 2017 ஜூலையில், சிறுவர்க்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் அமுலுக்கு வந்தது. அது 18 வயதுக்குட்பட்ட யாவரையும் காத்தது. ஆபாசப் பேச்சுக்கு 3 ஆண்டு வரை. கெடுநோக்குடன் பழகி வசப்படுத்தினால் 5 ஆண்டு வரை, பிரம்படியும் உண்டு. அதன்பின் காணச் சென்றால் 10 ஆண்டு வரை, பிரம்படியும் உண்டு. இளைஞனென நடித்துச் சமூக வலைத்தளத்தில் காதல் பேசிய ஒருவன், அப்பிள்ளையை ஒருமுறையும் நேரில் கண்டிராவிடினும் குற்றவாளியே என்று சட்டத்திலேயே உதாரணம் காட்டப்பட்டுள்ளது. ஆசிரியர், காப்பாளர் போன்ற நம்பிக்கைக்குரியோரே கெடுத்தால், அதாவது வேலியே பயிரை மேய்ந்தால், தண்டனை மேலும் கூடும். குழந்தையின் வாய்மொழி ஒன்றையே நம்பித் தீர்ப்பளிக்கவும் நீதிமன்றம் அதிகாரம் பெற்றது.

இத்தனை இருந்தும் பயன் யாது? வாய்மொழி வேண்டுமானால் வாய் திறக்க வேண்டுமன்றோ? நம் வீடுகளில் நடப்பதென்ன? மகள் அஞ்சி அஞ்சிச் சொன்ன மாத்திரத்தில், “நீ ஏன் அவனோடு பேசினாய்?” என்று அவளையே குற்றவாளியாக்குகிறோம். மகன் சொன்னால் நகைத்து விடுகிறோம். மானம் போகுமென்று கதவைச் சாத்துகிறோம். கயவன் நம்பியிருப்பது தன் சாமர்த்தியத்தை மட்டுமன்று, நம் மௌனத்தையுமே. அந்த மௌனத்தையும் மலேசியச் சட்டம் விட்டுவைக்கவில்லை: குற்றம் நிகழ்வதறிந்தும் போலீசாருக்குத் தெரிவியாதவர்க்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்திருக்கிறது.

சம்மத வயதை 12-இலிருந்து 16 ஆக உயர்த்த இங்கிலாந்துக்கு அறுநூறு ஆண்டுக்கு மேலாயிற்று. அங்கே பேச்சே குற்றமெனக் கூற இணையம் வந்து இருபது ஆண்டுக்கு மேலாயிற்று. சட்டம் தாமதமாகவேனும் வந்து சேர்ந்தது. இனித் தாமதம் நம்முடையதாக இருத்தலாகாது. குழந்தை சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். பழி அதனுடையதன்று என்று முதற்சொல்லாகச் சொல்லுங்கள். சட்டத்தின் வேலி அங்கிருந்துதான் தொடங்குகிறது.