ஒரு நாளில் எண்பது ஏற்றம்: பனையேறி என்ன சாப்பிட்டார்?

நாள் முழுக்கப் பாறையேறுகிறவர் என்ன சாப்பிடணும் என்று தேடினால், சத்துக்கட்டி, ஜெல் பாக்கெட், உலர்பழம் என்று ஒரே பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கலிஃபோர்னியாவிலும் ஆல்ப்ஸிலும் ஏறுகிறவர்களுக்காக எழுதினது. தப்பில்லை. ஆனா அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேற ஒரு கேள்வி வரும். வடசேரியிலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் கொஞ்ச தூரத்தில் 'விளை' என்று முடியும் ஊர் ஒண்ணு வந்துவிடும். அந்த விளைகளில் தலைமுறை தலைமுறையாகக் கயிறு கட்டாமல் ஏறினவர்கள் இருந்தார்களே, அவங்க என்னத்த தின்னாங்க?

பனையேற்றத்தைப் பாறையேற்றத்தோடு ஒப்பிடுவது மிகை என்று தோணலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்க. பருவத்தில் ஒரு பனையேறி 30 முதல் 50 மரம் வரை வைத்திருப்பார். நாப்பது என்று வைத்துக்கொள்வோம். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, ஆக எண்பது ஏற்றம். மரம் சராசரி 15 மீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1200 மீட்டர் செங்குத்து உயரம். அமெரிக்காவில் பாறையேறுகிறவர்கள் கோயில் மாதிரி பாக்கிற எல் கேப்பிடன் பாறைச்சுவர் சுமார் 900 மீட்டர்தான். 2017 ஜூனில் அலெக்ஸ் ஹானல்ட் அதைக் கயிறில்லாமல் நாலு மணி நேரத்துக்குள் ஏறினார், உலகமே பேசியது. பேசவேண்டிய காரியம்தான், பாறையின் சிக்கலே வேற. ஆனா உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் நம்ம ஊர் பனையேறி தினமும் அதைத் தாண்டினார், அதுவும் தை மாசி தொடங்கி ஆனி ஆடி வரை. மாசத்துக்கு 36,000 மீட்டர், நாலு எவரெஸ்ட்.

இதற்கு எவ்வளவு தீனி வேணும்? 60 கிலோ எடையுள்ள ஆள் தன் உடம்பை 1200 மீட்டர் தூக்க, தசையின் செயல்திறன் 20 முதல் 25 சதவீதம் என்று வைத்தால், 700 முதல் 850 கிலோகலோரி ஆகும். இது ஏற்றத்துக்கு மட்டும். இறங்குவது, பாளை சீவுவது, கலயத்தை இறக்குவது, மரத்துக்கு மரம் நடப்பது, வெயில் எல்லாம் தனி. சாதாரணமா உயிர் வாழத் தேவையானதும் தனி.

சரி, தட்டுக்கு வருவோம்.

விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும். அந்நேரம் வயிறு நிறையத் தின்னுட்டு ஏற முடியாது. தளைநாரைக் காலில் மாட்டி, முருக்குத்தடியில் மிதித்து, மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறுகிற வேலை அது. பழைய பனையேறிகளின் நெஞ்சிலும் முன்கையிலும் காய்ப்பு இருக்கும், பாத்திருப்பீங்க. நிறைஞ்ச வயிற்றோடு அப்படி மரத்தை அணைக்க முடியுமா? அதனால் காலையில் பழங்கஞ்சி, அளவாக. முந்தின நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தது, கல்லுப்பு, கடித்துக்கொள்ள உள்ளியும் மிளகாயும், இருந்தால் சுட்ட கருவாட்டுத் துண்டு. ஏழை வீட்டுச் சாப்பாடு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனா வியர்வையில் போகிற உப்பையும் தண்ணீரையும் முன்கூட்டியே உள்ளே அனுப்ப இதைவிடச் சுளுவான வழி எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அக்கானி. மற்ற மாவட்டத்துக்காரர்கள் பதநீர் என்பார்கள், எங்க பக்கம் அக்கானி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவி வைத்தால் புளிக்காமல் இனிப்பாகவே இறங்கும், தடவாவிட்டால் கள். அக்கானியில் சர்க்கரை ஏறத்தாழ 10 முதல் 14 சதவீதம். பனையோலையை மடக்கின பட்டையில் அரை லிட்டர் குடித்தால் 60 கிராம் சர்க்கரை, 240 கிலோகலோரி. நீண்ட நேரம் உடலுழைப்பில் இருப்பவர்கள் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளலாம் என்று இன்றைய விளையாட்டு மருத்துவம் சொல்கிறது. ஒரு பட்டை அக்கானி அந்தக் கணக்கில் கச்சிதமாக விழுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. 1965-ல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் குழுவினர் உருவாக்கிய கேட்டரேட் முதல் இன்றுள்ள விளையாட்டு பானங்கள் வரை பெரும்பாலும் 6 முதல் 8 சதவீதம் சர்க்கரையோடுதான் வருகின்றன. அதற்கு மேல் போனால் வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும், ஓடுகிறவருக்கு வயிறு குலுங்கும். அக்கானி அதைவிட ரெண்டு மடங்கு அடர்த்தி. ஆனா பனையேறி மாரத்தான் ஓடவில்லை. ஏறுவார், இறங்குவார், நடப்பார், திரும்ப ஏறுவார். இடையில் மூச்சு வாங்க நேரமுண்டு. அதனால் இந்த அடர்த்தி அவருக்குப் பெரிய தொந்தரவாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். பாறையேறுகிறவர்களுக்கும் இதே கதைதான். கயிறு பிடித்து நிற்கும் நேரம்தான் அவர்களுக்கு அதிகம். அக்கானியில் மாங்காயைக் கீறிப்போட்டுக் குடிப்பதும் சும்மா ருசிக்கு மட்டுமில்லை. சுண்ணாம்பின் காரத்தை மாங்காய்ப் புளிப்பு மட்டுப்படுத்தும்.

சர்க்கரைத் தண்ணீரை மட்டும் நம்பி ஒரு ஆள் மாசக்கணக்கில் ஏற முடியாதில்லையா? அதற்குத்தான் பயறு. அக்கானியைக் காய்ச்சும் அடுப்பிலேயே சிறுபயறும் கொஞ்சம் அரிசியும் போட்டு வேகவைத்த கஞ்சி, நடுப்பகல் சாப்பாடு. பயறுக்கு வழியில்லாத வீட்டில் வறுத்துத் தோல் நீக்கின புளியமுத்து. மரச்சீனிக் கிழங்கையும் அக்கானியில் அவித்தார்கள். மரச்சீனியைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் என்று 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாளைச் சொல்வது வழக்கம். 1942-ல் பர்மா அரிசி நின்றுபோனபோது தெக்கன் திருவிதாங்கூரில் அடுப்பு எரிந்தது பெரும்பாலும் இந்தக் கிழங்கால்தான். சாயங்கால ஏற்றம் முடிந்தபின் கிழங்கும் மீன்கறியும். அதுதான் வயிறு நிறையத் தின்கிற ஒரே வேளை. ஏறி முடிச்சாச்சு, இனி வயிறு கனத்தாலும் பரவாயில்லை.

மடியில் வைத்துக்கொள்ள ஒரு துண்டு கருப்பட்டி, இருந்தால் சுக்குக்கருப்பட்டி. இங்கே இங்கிலாந்துக்கு ஒரு எட்டு போய்வரணும். கெண்டல் என்ற ஊரில் 1869-ல் ஜோசப் வைப்பர் என்பவர் ஒரு மிட்டாய் செய்தார், கெண்டல் மிண்ட் கேக். பேர்தான் கேக், காய்ச்சிய சர்க்கரையும் புதினா எண்ணெயும்தான். ஷாக்கிள்டனின் அண்டார்டிகா பயணத்துக்குப் போனது, 1953-ல் ஹில்லாரியோடும் டென்சிங்கோடும் எவரெஸ்ட் உச்சிக்கும் போனது. இன்றைக்கும் மலையேறுகிறவர்களின் பையில் பெருமையோடு இருக்கிறது. சுக்குக்கருப்பட்டியும் அதே சூத்திரம்தான்: காய்ச்சி இறுக்கிய சர்க்கரை, தொண்டையைத் திறக்க ஒரு காரமான மணம். கூடுதலாகக் கொஞ்சம் கனிமச்சத்து. அதற்கு அண்டார்டிகா கதை இல்லை, அவ்வளவுதான். (1924 எவரெஸ்ட் குழு காடை இறைச்சி டின்னும் ஷாம்பெயினும் கொண்டுபோனது. அதைப் பற்றித் தனியாக எழுதணும், சிரிக்க நிறைய இருக்கு.)

இதுவரை படித்தவர்கள் 'ஆகா, பாரம்பரிய உணவு' என்று கிளம்பிவிடக் கூடாது. பாதிக் கதைதான் சொல்லியிருக்கேன்.

மரம் பெரும்பாலும் பனையேறிக்குச் சொந்தமில்லை. பல இடங்களில் ஒரு நாள் அக்கானி மரக்காரருக்கு, ஒரு நாள் ஏறுகிறவருக்கு என்று வாரம். ஏற்றம் ரெண்டு நாளும் ஒண்ணுதான். பழைய திருவிதாங்கூரில் இதற்கும் மேலே வரி. ஏணிக்காணம், தளைக்காணம் என்று பேர். ஏறுகிற ஏணிக்கும், காலில் மாட்டுகிற தளைநாருக்கும் காசு. இன்றைய கணக்கில் பாறையேறுகிறவரின் காலணிக்கு வருஷா வருஷம் அரசாங்கம் வரி போடுவது போல. கால்டுவெல் 1849-ல் எழுதிய நூலில் திருநெல்வேலிப் பனையேறிகளின் உழைப்பு விவரிக்கப்பட்டிருக்கிறது. அதில் அந்தச் சமூகத்தைப் பற்றி அவர் எழுதின விதம் பின்னால் பெரிய எதிர்ப்பைக் கிளப்பியது. உள்ளிருந்து பார்க்கணும் என்றால் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) படிக்கலாம். பனையேறும் தங்கராஜுக்கும் புத்தம் வீட்டு லிஸிக்கும் நடுவில் நிற்கிற சுவர், அந்தத் தொழிலுக்கு ஊர் கொடுத்த மதிப்புதான்.

அக்கானியைக் குடித்துத் தீர்த்துவிட்டால் கருப்பட்டிக்கு என்ன இருக்கு? அதனால் வீட்டுக்காரி அதை மணிக்கணக்கில் காய்ச்சி, பாகு பதத்துக்கு வந்ததும் சிரட்டையில் ஊற்றி, கருப்பட்டியாக்கிச் சந்தைக்கு அனுப்பணும். பிள்ளைகளுக்குக் கிடைப்பது சட்டியில் ஒட்டினதைச் சுரண்டித் தின்பது. ஆடிக்குப் பிறகு ஏற்றம் இல்லை, வருமானமும் இல்லை. அப்போது வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார்கள். அடுத்த பருவத்தில் கருப்பட்டியை அவர் சொல்கிற விலைக்கே கொடுத்துக் கடனைத் தீர்க்கணும். ஏறுகிறவருக்கு மிகவும் தேவையான சாப்பாடு எதுவோ அதுதான் வீட்டை விட்டு முதலில் வெளியே போனது. எங்க வடசேரி கனகமூலம் சந்தை மாதிரியான சந்தைகளில் அடுக்கி வைத்து விற்ற கருப்பட்டி அப்படி வந்ததுதான்.

இப்போது மருந்துவாழ்மலைக்கோ அகத்தியமலைக்கோ போகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது இது: காலையில் உப்புப் போட்ட பழங்கஞ்சி, பையில் கடலை மிட்டாயும் ரெண்டு துண்டு சுக்குக்கருப்பட்டியும், மணிக்கொரு தடவை கொஞ்சம், தண்ணீர் தாராளமாக. கருப்பட்டி வாங்கும்போது சீனி கலக்காததா என்று விசாரித்து வாங்குங்க. விலை கூடத்தான் இருக்கும். அதை இறக்க ஏறுகிற ஆட்கள் இப்ப ரொம்பக் குறைவு.