காய்ச்சுகிறவளுக்குப் பெயர் இல்லை

பெண்களின் வீட்டுவேலைக்கு வரலாறு உண்டு என்று வகுப்பில் பேசிக்கொண்டிருந்த ஒரு நாள், ஆங்கிலச் சமையல் குறிப்பு ஒன்றை மாணவிகளுக்குப் படித்துக் காட்டினேன். நாலைந்து விதமான பெர்ரிப் பழங்களையும் ரூபார்ப் தண்டையும் சர்க்கரையோடு காய்ச்சி வீட்டிலேயே ஜாம் செய்யும் குறிப்பு. “ரூபார்ப்னா என்ன மேடம்?” என்றாள் ஒருத்தி. நாட்டு மருந்துக் கடையில் ரேவல்சின்னி என்று கேட்டால் தருகிறார்களே, அந்தக் கிழங்கின் இனம். நமக்கு அது பேதி மருந்து, அங்கே அதன் புளித்த தண்டு பலகாரம் என்றேன். பனவடலிசத்திரத்திலிருந்து பஸ் ஏறி வருகிற இன்னொருத்தி கேட்டாள்: “நம்ம பக்கத்துல யாருமே இப்படிக் காய்ச்சலையா மேடம்?”

அவள் ஊர்ப் பெயரிலேயே பதில் இருந்தது. வடலி என்றால் இளம்பனை. சங்கரன்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, வடலிகளுக்கு மத்தியில் வழிப்போக்கருக்காக ஒரு சத்திரம் இருந்ததைச் சொல்கிற பெயர் அது. இந்த வறண்ட நிலத்தில் இனிப்பு வயலில் விளையவில்லை, மரத்தின் உச்சியிலிருந்து இறங்கியது. இறக்கியவனைப் பற்றிப் பேச ஆளுண்டு. இறங்கியதைக் காய்ச்சியவளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஜாமும் கருப்பட்டியும் ஒரே அறிவின் பிள்ளைகள். சாற்றிலுள்ள நீரை நெருப்பால் விரட்டி, நுண்ணுயிர் பிழைக்க முடியாத அளவுக்கு இனிப்பைச் செறிவாக்குவதுதான் இரண்டும். இங்கிலாந்தில் அதற்கான சர்க்கரையை நெடுங்காலம் கரீபியத் தீவுகளின் அடிமைகள் விளைவித்தார்கள். 1874இல் சர்க்கரைத் தீர்வை நீங்கியதும் ஜாம் ஏழைத் தொழிலாளியின் ரொட்டிக்கும் வந்தது. வீட்டு அடுப்பிலிருந்து ஆலைக்குப் போனது. ஆலையில் கிளறியவர்களும் பெண்களே. 1911 ஆகஸ்டில், வெயில் கொளுத்திய ஒரு கோடையில், லண்டனின் பெர்மான்சி பகுதியில் ஜாம், பிஸ்கட் ஆலைகளின் பெண்கள் ஏறத்தாழ 14,000 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். மேரி மெக்கார்தர் அவர்களைச் சங்கமாக்கினார். பெரும்பாலான ஆலைகளில் கூலி உயர்ந்தது. காய்ச்சியவளுக்கு அங்கே ஒரு முதலாளி இருந்தான், அவன் தரும் கூலி இருந்தது, அதனால் அதை எதிர்த்து வெளியே வர ஒரு கதவும் இருந்தது.

விடிலிக்குக் கதவே கிடையாது. பனந்தோப்பில் ஓலையால் வேய்ந்த, பதநீர் காய்ச்சும் குடிசையைத்தான் எங்கள் பக்கத்தில் விடிலி என்பார்கள். உடன்குடி, திசையன்விளைத் தேரிக்காடுகளில் இன்றும் பார்க்கலாம். மாசி, பங்குனியில் பருவம் தொடங்கி ஆடிவரை நீளும். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீர் காலையில் விடிலிக்கு வந்துவிடும். அது காத்திருக்காது. வெயில் ஏறினால் புளிக்கும். ஆகவே அவளுக்குக் காய்ச்சல், தீட்டு, பிள்ளை பெற்ற பச்சை உடம்பு எதுவானாலும் அடுப்பு அன்றைக்கே எரிந்தாக வேண்டும். விறகும் அவள் பொறுக்கியதுதான்: காய்ந்த மட்டை, ஓலை, உடைமுள். சித்திரை வெயிலில் ஓலைக்கூரைக்குக் கீழே மணிக்கணக்கில் நின்று கிளற வேண்டும். எட்டு முதல் பத்து லிட்டர் வற்றினால் ஒரு கிலோ.

இதில் கைத்திறன் மட்டுமல்ல, வேதியியலும் இருக்கிறது. நுரை பொங்கி வழியும் நேரத்தில் இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போட்டால் எண்ணெய்ப் பசையில் நுரை அடங்கும். பாகு இறுகி வரும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். ஜாம் செய்கிறவர்கள் குளிர்ந்த தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பதும் இதே சோதனைதான். முன்னதாக இறக்கினால் கூழ்ப்பதநீர், பேச்சில் கூப்பனி. உருண்டால் சிரட்டையில் ஊற்றலாம். கலயத்தில் சுண்ணாம்பு குறைந்துபோயிருந்தால் சாறு புளித்து, அதிலிருக்கும் சர்க்கரை உடைந்துவிடும். எத்தனை விறகு எரித்தாலும் கருப்பட்டி கட்டாது. சுண்ணாம்பு கூடிவிட்டால் நிறமும் சுவையும் கெடும். தவறு மரத்தின் மேலே நடந்திருக்கும். தெரியவருவது அவள் சட்டியில். ‘கருப்பட்டி கட்டத் தெரியாதவள்’ என்ற பேச்சை வாங்குகிறவளும் அவளே.

தமிழ் படித்தவளுக்கு இங்கே ஒரு சொல் இடறுகிறது. பனையேறி என்று அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதை வசவாக்கிய சாதியச் சமூகத்தின் முன்னால் இன்று பெருமையோடு திரும்பச் சொல்லவும்படுகிறது. சொல்லத்தான் வேண்டும், உயிரைப் பணயம் வைக்கிற வேலை அது. அவளோ பேச்சில் பனையேறியின் வீட்டுக்காரி. அவள் வேலை பெயர்ச்சொல்லாகவில்லை. ‘காய்ச்சுறா’ என்ற வினையோடு நின்றுவிட்டது. சங்கப் பாடல்கள் இவ்வளவு கஞ்சத்தனம் காட்டவில்லை. கள் விற்ற பெண்களை அகநானூறு அரியற்பெண்டிர் என்கிறது, சமைப்பவளைப் புறநானூறு அடுமகள் என்கிறது. தாழ்ந்த இடத்தில் வைத்துச் சொன்ன பெயர்கள்தான். ஆனாலும் பெயர்கள்.

பனையைப் பற்றி எழுதாமல் விட்டவர்கள் இல்லை. வில்லியம் பெர்குசன் 1850இல் கொழும்பில் பனைக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். பனையின் பயன்கள் 801 என்று எண்ணும் தாலவிலாசம் என்ற தமிழ்ச் செய்யுள் நூலின் புகழும் அதோடு பரவியது. 801 பயனும் மரத்தின் கணக்கில் வரவு. பதநீர் தானாகக் கருப்பட்டி ஆவதில்லை என்பதை இந்தக் கணக்கு மறந்துவிடுகிறது. கற்பகத்தரு என்று பனையைப் புகழும்போதெல்லாம் எனக்கு இந்த உறுத்தல் உண்டு. கேட்டதைத் தரும் மரத்துக்குக் கீழே அடுப்பெரிக்கிறவள் எதற்கு?

சரி, பழ ஜாம்? அதுவும் இருந்தது. பாளை சீவிய பெண்பனை காய்க்காது. சீவாமல் விட்ட மரங்கள் ஆவணி வாக்கில் பழம் உதிர்க்கும். விடியுமுன் போய்ப் பொறுக்கி வந்து, அவித்தோ சுட்டோ நாரிலிருந்து களியைப் பிரித்து, கருப்பட்டி சேர்த்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்கள் இதை இன்னும் நெடுந்தூரம் கொண்டுபோனார்கள். களியைப் பாயில் பரப்பி, நாள்தோறும் அதன்மேல் புதிய களியை ஊற்றி வெயிலில் காயவைத்தால் பனாட்டு. அதைப் பாகில் ஊறவைத்தால் பாணிப்பனாட்டு, மாதக்கணக்கில் கெடாது. இலங்கையில் 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தபின் பனம்பழ ஜாமே போத்தலில் விற்பனைக்கு வந்தது. அதே 1978இல்தான் தமிழ்நாடு பனையை மாநில மரமாக அறிவித்தது.

அரசும் சட்டமும் விடிலியை எட்டிப் பார்க்காமலில்லை. குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனி பனைச் சரக்கிலிருந்து வெள்ளைச் சர்க்கரை எடுத்தது. அதற்காகத் தேரிக்காட்டில் சிறு ரயிலே ஓடி 1940 வாக்கில் நின்றுபோனது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதற்கும் வந்தது. பதநீருக்கும் கள்ளுக்கும் இடையே ஒரு விரல் சுண்ணாம்புதான் வேலி. அந்த வேலியைக் காவல் காக்க போலீஸ் வந்தது. குமரப்பா போன்ற காந்தியர்கள் நல்ல நிலத்தைக் கரும்புக்குக் கொடுக்காமல் பனைவெல்லம் செய்யுங்கள் என்று வாதாடினார்கள். சரியான வாதம். ஆனால் அந்த வெல்லத்துக்கு விறகு சுமப்பது யார் என்ற கேள்வி அதில் பெரிதாக எழவில்லை. 1955இல் வந்த பழப்பொருள் ஆணை ஜாமில் பழம் 45 சதவீதம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. பொருளில் எது எத்தனை சதவீதம் என்று நிர்ணயிக்கச் சட்டத்துக்குத் தெரியும். உழைப்பில் யாருடையது எத்தனை சதவீதம் என்று அது கேட்டதில்லை.

கேட்டிருந்தால் கணக்கு சிக்கலாகியிருக்கும். பருவத்துக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியாகிவிடும். அந்த முன்பணம் ஆணின் கையில். சரக்கு போகும்போது விலை சொல்பவர் வியாபாரி. நடுவில் ஆறு மாதம் அடுப்படியில் நின்றவளின் கூலி குடும்பத்துக்குள் கரைந்துபோகும். பெர்மான்சிப் பெண்களைப் போல இவள் வேலையை நிறுத்தினால் யாரை எதிர்த்து நிறுத்துவாள்? அன்றைக்குப் புளிப்பது அவள் வீட்டுப் பதநீர்தானே.

2023இல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த வாரம் பனவடலிசத்திரத்து மாணவியிடம், வீட்டில் பெரியவர்கள் யாராவது விடிலியில் நின்றிருக்கிறார்களா என்று கேட்டு வரச் சொன்னேன். அவள் அம்மாவைப் பெற்ற ஆச்சி திசையன்விளைப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். பேத்தி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, “ஆச்சி, நீங்க என்ன வேல பாத்தீங்க?” என்று தொடங்கியிருக்கிறாள்.

“நான் எங்க வேல பாத்தேன்? ஒங்க தாத்தால்லா பனையேறுனாவ.”

“அப்போ காய்ச்சுனது யாரு?”

“காய்ச்சுனது நாந்தான்.”

எத்தனை வருஷம் என்பதற்கு ஆச்சியிடம் எண் இல்லை. கல்யாணமான மாசியில் அடுப்புக்குப் போனதும், மூன்றாவது பிள்ளைக்கு வலி எடுத்த அன்றைக்குச் சட்டியை இறக்கி, சிரட்டையில் ஊற்றி முடித்துவிட்டு வீட்டுக்கு நடந்ததும் நினைவிருந்தன. அன்றைக்குக் கருப்பட்டி நன்றாகக் கட்டியிருந்ததாம்.